வெறும் சளிதான்

"ஆண்டு விழாவை நடத்தியே தீரணும். இந்தப் புதுக் காய்ச்சல் வெறும் சளிதான்" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேசையைத் தட்டினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில் கூட்டம். விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தாத்தா பாட்டி, கைக்குழந்தை சகிதம் எல்லா வீட்டுக்காரர்களும் இதே கூடத்தில் ஏசி போட்டு, கதவை அடைத்துக்கொண்டு அரை நாள் உட்காருவார்கள். நடத்துவதா, தள்ளிப்போடுவதா? அதுதான் பேச்சு.

தள்ளிப்போடச் சொன்னவர் ஒரே ஒருத்தர், அலாரம் சார். ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர். லிஃப்ட் அறுந்து விழப்போகிறது, மாடித் தண்ணீர்த்தொட்டி இடிந்து விழப்போகிறது என்று அடிக்கடி எல்லாரையும் வாசலுக்கு ஓடவைத்தவர். லிஃப்டும் தொட்டியும் இன்றுவரை ஜம்மென்று இருக்கின்றன. இப்போது புதுக் காய்ச்சலைப் பற்றி அவர் தொண்டை வற்றப் பேசியும், கேட்டவர்கள் கொட்டாவிதான் விட்டார்கள்.

அவரை எதிர்த்துக் கிளம்பியவர்தான் கண்ணாடிக்கடைக்காரர். அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு இருந்தது. காரணம், அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில், அதுவும் காய்ச்சல் வார்டிலேயே நர்ஸ்.



வெறும் சளிதான் என்று அவருக்குச் சொன்னதே அவள்தான். வேறென்ன செய்வாள்? எதிர்வீட்டில் யாராவது தும்மினால், மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பார். தெர்மாமீட்டரைக் கண்டாலே அவருக்கு உடம்பு சுடும். வார்டில் நடப்பதைச் சொன்னால் இவள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை சாப்பிடாமல் கிடப்பார். அதனால், நாலு நாளில் ஓடிவிடும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்குள் ஒருத்தருக்காகச் சொன்ன பொய், இப்போது கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் வார்டில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிறவளுக்கு, நாலு பேர் கூடிய இடத்தில் வாயே வராது. போதாததற்கு, கட்டின புருஷனை அத்தனை பேர் முன்னால் எப்படி மூக்குடைப்பது?

அவரும் விடுவதாக இல்லை. கைதட்டல் கிடைக்கக் கிடைக்கக் குரல் ஏறியது. வயசானவர்களை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றார். இருமல் இருக்கிறவர்களும் தாராளமாக வரலாம் என்றார். நடுநடுவே கடைசி வரிசையை வேறு பார்த்துக்கொண்டார். பாராட்டை எதிர்பார்க்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"கைக்குழந்தைங்களையும் தூக்கிட்டு வாங்க. இது குழந்தைங்க கிட்டயே போகாது. என் சம்சாரமே சொன்னா."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டபிறகுதான், எழுந்து நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

கூடம் மொத்தமும் திரும்பியது. ஆச்சரியம், அவளுக்கு வாய் வந்தது. கட்டில் போதாமல் வராந்தாவில் படுக்கை போட்டிருக்கிறோம் என்றாள். மூச்சுக்குத் திணறிய ஒரு கைக்குழந்தையை நேற்று முழுக்கத் தோளிலேயே வைத்திருந்ததைச் சொன்னாள். எல்லாருக்கும் அப்படி ஆகாது, முக்கால்வாசிப் பேர் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்றும் சொன்னாள். ஆனால் யாருக்கு முற்றும் என்று வாசலில் வைத்தே பிரித்துவிட முடியாது, அதனால் அடைத்த கூடத்தில் கூட்டம் மட்டும் வேண்டாம் என்றாள்.

குடியிருப்புச் சங்கத் தலைவி ஒரு டீச்சரம்மா. "அப்ப வெறும் சளின்னு சொன்னது?" என்று கேட்டார்.

"அது, இவர் பயந்துடக் கூடாதேன்னு சொன்னதுங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்ததும், தள்ளிப்போட வேண்டும் என்று அத்தனை கையும் உயர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்த அலாரம் சாருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேசாமல் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியேறினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கதவைச் சாத்தினாள். "உங்களை எல்லார் முன்னாடியும் கோமாளியாக்கிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவள் வார்டின் பெரிய டாக்டர் போன வாரம் கடைக்கு வந்தாராம். வேர்வையில் நழுவாத பிரேம் வேண்டும் என்று கேட்டாராம். அதை மாட்டிக் கொடுப்பதற்குள் வார்டு நிலவரம் முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

அவள் திகைத்துப்போனாள். "தெரிஞ்சுமா அந்தப் பேச்சு பேசினீங்க? அலாரம் சார் பக்கம் பேசியிருக்கலாம் இல்ல?"

"அவரும் நானும் சேர்ந்து கத்தினா, ரெண்டு பயந்தாங்கொள்ளிங்கன்னு சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும். ஆனா நீயா எழுந்து பேசற ஆளா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்காகத்தான் தப்புத் தப்பா அடிச்சு விட்டேன். கல்யாணமான நாள்லேர்ந்து, நான் ஒண்ணைத் தப்பாச் சொல்லி நீ திருத்தாம விட்டிருக்கியா?"