ஓட்டியது யார்?

“தப்பு முழுக்க என்னுதுதான் சார். எழுதிக் கையெழுத்தே போட்டுத் தரேன்” என்றார் இடித்தவர். இடி வாங்கியவருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

சிவப்பு விளக்குக்குச் சமர்த்தாக நின்றுகொண்டிருந்த காரைப் பின்னால் வந்து ஒரு போடு போட்டிருந்தார் அந்த மனிதர். டிக்கி வாயைப் பிளந்துகொண்டு மூட மறுத்தது. பம்பர் ஒரு பக்கம் தரையில் கிடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இடித்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி.

“என் இன்ஷூரன்ஸுக்குப் போன் பண்ணிட்டேன். அவங்க சர்வேயர் பக்கத்துலதான் இருக்காராம், பத்து நிமிஷத்துல வந்து பார்த்துடுவார். உங்க செலவு மொத்தத்தையும் அவங்களே குடுத்துடுவாங்க.”

“சர்வேயரா? அதெல்லாம் எதுக்கு சார்? யாருக்கும் அடிபடலை, அது போதும். நீங்க கிளம்புங்க” என்றார் மாஸ்டர்.

இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துவதால் ஊருக்கே அவர் மாஸ்டர். பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் காரில் ஒரு கோடு போட்டதற்கு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர். அப்படிப்பட்டவர் திடீரென்று கர்ணனாகி நிற்பதைப் பார்த்து மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்க, பின்னால பாதி வண்டியைக் காணோம். தானமா பண்றீங்க?” என்று சீறினாள். “இதுக்குத்தான் சாவியைக் குடுங்கன்னேன். நான் ஓட்டியிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.”

அது உண்மைதான். தினமும் காரை அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவள் அவள். நாலு தெரு சுற்றினாலும் சுற்றுவாளே தவிர, போலீஸ்காரர் நிற்கிற இந்தச் சந்திப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். சுற்றிச் சுற்றி அலுத்துப்போய் இன்றைக்கு மாஸ்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார், மாட்டிக்கொண்டார்.

மூடியிருந்த ஒரு கடை வாசலுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்.

“சத்தம் போடாதே. என் லைசென்ஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு.”

“என்னது?”

“ஊருக்கெல்லாம் லைசென்ஸ் எடுத்துக் குடுத்த அலைச்சல்ல என்னோடதைப் புதுப்பிக்க மறந்துட்டேன். இந்த க்ளெய்ம்ல அது வெளிய வந்துச்சுன்னா ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான்.”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் சேர்த்த பெயர் நடுரோட்டில் போகப் போகிறதே என்று மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கண்ணாடிக் கடைக்காரரோ கிளம்புகிற வழியாக இல்லை. சிதறிய விளக்குத் துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்லவர் வந்து இடித்துத் தொலைத்ததுதான் மாஸ்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஒரே வழிதான் இருக்கு” என்றார் மனைவியிடம். “வண்டியை நீ ஓட்டினதா சொல்லிடலாம்.”

“நானா? பொய் சொன்னா என் முகமே காட்டிக் குடுத்துடும்ங்க.”

“தினமும் ஓட்டறவதானே நீ. இதுல என்ன பெரிய பொய்?”

“நீங்க இறங்கினதை அவர் பார்த்திருப்பாரே?”

“முன்னால நின்ன காரையே பார்க்காதவர், ஓட்டினது யாருன்னா பார்த்திருக்கப் போறார்?”

“வேண்டாங்க. நீங்க சொன்ன மாதிரி பெருந்தன்மையா விட்டுடலாம். பாவம், நல்ல மனுஷனா இருக்கார்.”

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தானமா என்று சீறியவள் இப்போது தானே தானம் செய்யக் கிளம்பிவிட்டாள். அரிச்சந்திரன் வீட்டில் பெண்ணெடுத்த மாதிரி இப்படியா ஒருத்தி இருப்பாள் என்று மாஸ்டர் நொந்துகொண்டார்.

அதற்குள் ஸ்கூட்டரில் சர்வேயர் வந்து இறங்கிவிட்டார். காரைச் சுற்றி வந்து நாலு பக்கமும் படமெடுத்தார், டிக்கியை ஒரு தரம் மூடிப் பார்த்தார், கண்ணாடிக் கடைக்காரரிடம் இரண்டு கையெழுத்து வாங்கினார்.

“இதுல சந்தேகமே இல்லை, உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. பணம் தடையில்லாம வந்துடும்” என்றவர் பேனாவைத் திறந்தார். “வண்டியை ஓட்டினது யாரு?”

மனைவி வாயைத் திறந்தாள். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

“இவதான் சார், என் மனைவி. நான் கத்தறது பிடிக்காம எதிர்த்த தெரு ஸ்கூல்ல சேர்ந்து கத்துக்கிட்டா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முதல் டெஸ்ட்லயே பாஸ். டெஸ்ட் முடிஞ்சு வந்தவளை வாசல்லயே நிக்க வெச்சுப் போட்டோ எடுத்து, என் ஸ்கூல் முகப்புல பெருசா மாட்டியிருக்கேன்.”

“அடேடே, சந்தோஷம்” என்று எழுதிக்கொண்டார் சர்வேயர். “லைசென்ஸைக் குடுங்கம்மா, நம்பரைக் குறிச்சிட்டுக் கிளம்பறேன்.”

அவள் கைப்பையைத் திறக்கவில்லை. இரு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் கண்ணைக் காட்டினார், முழங்கையால் இடித்தார், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “எடுத்துக் குடேன்” என்றார்.

அவள் எட்டி அவர் காதோரம் முணுமுணுத்தாள்.

“பாஸாயிட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்?”