மூன்று சுற்று

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் பம்பு நின்றுபோக, சேறு அள்ளத் தனியே கிணற்றில் இறங்கியவர் சீவரத்தினத்தார். படிக்கல் இடிந்து விழுந்தது. அடியிலிருந்து பார்க்க, உரும்பிராய் வானம் ஒரு தாம்பாளம்போல மிதந்தது. எவ்வளவு நேரம் கூப்பிட்டாரோ, அந்தத் தாம்பாளத்திலிருந்து ஒரு பெண்குரல் இறங்கி வந்தது.

“ஐயா, வடக்கயித்தைப் பூவரச மரத்திலை கட்டி விடுறன்.”

“ஏறக் கையிலை பெலன் இல்லைப் பிள்ளை.”

“கை வேண்டாம். கூட வாற ரெண்டு கயித்து வளையத்தையும் வடத்திலை மும்மூண்டு சுத்துச் சுத்தி, தனக்குள்ளாலையே எடுத்து இழுங்கோ. ஒண்டு இடுப்புக்கு, மற்றது காலுக்கு. பாரம் விழுந்தால் முடிச்சு இறுகும். எடுத்தால் மேலை தள்ளலாம்.”

இடுப்பு வளையத்தில் இருந்தார், கால் வளையத்தில் எழும்பினார். முடிச்சு இறுகியது, நெகிழ்ந்தது. வானம் அகல அகல, நித்திரையில் மிதப்பவர்போல் சாண் சாணாக மேலே வந்தார்.

“உது தோட்டக்காரர் போடுற முடிச்சில்லை. நீ ஆரின்ரை பிள்ளை?”

“குருநகரிலை கடல்தொழில் செய்யிற செபநாயகத்தின்ரை மகள். அப்பா நங்கூரக் கயித்துக்குப் போடுறது.” அவள் தயங்கினாள். “உங்கடை மகன்ரை மனிசி, மாமா.”

நாலு வருடமாக அவர் முகமே பாராத மருமகள். அவள் கையால் பச்சைத்தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவர் அவர்.

ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவள் வேலிப் படலைப் பக்கம் திரும்பினாள்.

“நில்லு பிள்ளை. நா வறளுது,” என்றார். “ஒரு வாய் தண்ணி அள்ளித் தா.”