முக்கால் சூடு

கண்ணாடிக்கு அப்பால், கட்டுப்பாட்டு அறையின் நடு நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். இப்பால், விருந்தினர் வரிசையில் நானும் என் மாமியாரும்.

குட்டிச் சூரியனையே கட்டி ஆள்பவர் என்று சற்று முன்புதான் அவரை மேடையில் புகழ்ந்திருந்தார்கள்.

இந்த அணு இணைவு உலையில் சூரியனைக் கட்டுவது பெரிய பாடில்லை. கொதிக்கும் வாயுவான பிளாஸ்மாவைக் காந்தங்கள் பிடித்துக்கொள்ளும். அது வெளியே தள்ளும் சூடுதான் தலைவலி.

அத்தனையும் உலையின் அடித்தரையில் பதித்த டங்ஸ்டன் ஓடுகளின் மேல்தான் இறங்கும். தரை எவ்வளவு சுடுகிறது என்று ஒரு சென்சார் சொல்லும். அதைக் கேட்டு ஒரு கணினி நிரல், சரியான நேரத்தில் நைட்ரஜனை ஊதிச் சூட்டைக் கலைக்கும். பிந்தினால் ஓடு உருகும்.

அந்த நிரல் நான் எழுதியது. எங்கள் சாப்பாட்டு மேசையில், அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மாலைகளில்.

என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி ஒரே குழுவில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, என்னைச் சென்சார் பட்டறைக்குத் தள்ளினார்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இவர் ரெண்டகம் செய்துவிட்டு அன்றைக்கும் அதே மேசையில் உட்கார்ந்து உண்டார். பரிமாறிய கை எனக்கு இன்னும் எரிகிறது.

நிரலில் ஒரு வரி உண்டு. தரையில் இருந்த சென்சார் பழசு; ஊர் வாயைப் போல, மூன்றை நான்காக்கிச் சொல்லும். அதனால், அது சொல்வதில் முக்கால் பங்கை மட்டும் நம்பு என்று எழுதி வைத்தேன்.

ஏன் முக்கால் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

“இதெல்லாம் அவன் ஒருத்தனே பண்ணதாம்மா?” என்றார் மாமியார், பெருமை தாங்காமல்.

“ஆமா அத்தை. அவர் ஒருத்தரேதான்.” பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உலை பற்றியது. அவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

திரையில் தரைச் சூட்டின் எண் பச்சையிலேயே நின்றது. பக்கத்துக் கேமராப் படத்தில் மட்டும் ஓர் ஓட்டின் விளிம்பு வெளுக்கத் தொடங்கியது. அவர் எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைட்ரஜன் ஊதியபோது ஒரு வரிசை ஓடு முழுவதும் உருகி வழிந்திருந்தது. உலை தானாக அணைந்தது. ஆளுக்குச் சேதமில்லை, பெயருக்குத்தான். கைதட்டக் காத்திருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

உள்ளே என் கணவர் எழுந்து, கண்ணாடி வழியாக என்னைத் தேடினார். அந்த வரியைப் பற்றி இப்போதுதான் கேட்கத் தோன்றியது போலும்.

விருந்தினர் வருவதற்குள் பழசையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று பட்டறைக்கு உத்தரவு போட்டவர் அவர்தான். தரைச் சென்சாரை மாற்றியது நான்.

புதுசு மூன்றை மூன்று என்றுதான் சொல்லும். நிரல் அதிலும் முக்காலைத்தான் நம்பும்.

வேலை சுத்தமாக இருக்கிறது என்று நேற்று அவரே என்னைப் பாராட்டினார்.