கவியாவின் செல்கள்

ஒரகடம் ஆய்வகத்தில் சுகப்பிரியா புதிய ஆன்டிபாடி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இரண்டாகப் பிரியப்போகும் செல்களை மட்டும் அது பழுப்பாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, பழுப்பாக மாறவே கூடாத, ஃபார்மலினில் கொன்ற செல்களையும் ஒரு கண்ணாடித் துண்டில் வைத்திருந்தாள். அவை அறைத்தோழி கவியாவின் கன்னத்திலிருந்து எடுத்தவை. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டிய கவியா, போன வாரம் பென்னலூர் அருகே லாரி மோதி இறந்துபோனாள்.

திங்களன்று அந்தக் கண்ணாடித் துண்டில் நான்கு பழுப்புச் செல்கள் தெரிந்தன. செவ்வாயன்று எட்டு. புதனன்று பதினாறு.

"தப்பா எண்ணிக்கினு இருக்கியா? செத்த செல்லும்மா அது," என்றார் சூப்பர்வைசர் பிரவீன்.

"மூணு தடவ எண்ணிட்டேன் சார்."

"தூக்கிப் போட்டுடு."

சுகப்பிரியா போடவில்லை. உயிருள்ள செல்களை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் அதை வைத்து, கதவை மெதுவாக மூடினாள்.