பின்சீட்டுப் பாரம்

பாட்டரி இடம் மாறியிருக்கிறது. யாருக்காக?

எதற்காக என்று தோன்றவில்லை சாராளுக்கு. யாருக்காக என்றுதான் தோன்றியது. சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்தபடி, எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் தூக்கிய சீட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டரி இருந்த இடத்தில் கணவர் ஐசக்கின் மழைக்கோட்டு சுருண்டு கிடந்தது. பாட்டரி இப்போது கால் வைக்கும் பலகைக்கு அடியில், புது இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

“சீட்டுக்கு அடியில பாட்டரி இருக்கிற மாடலே போதும். நான் ஒருத்தன்தானே போகப் போறேன்” என்று ஷோரூமில் சொன்னவர் அவர்தான். பழைய பைக்கின் பின்சீட்டிலிருந்து முடிச்சூர் ரோட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு, சாராள் எந்த வண்டியின் பின்னாலும் ஏறியதில்லை. எங்கே போனாலும் ஷேர் ஆட்டோதான்.

திரும்பும்போது பின்சீட்டின் இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் கெண்டைக்காலில் இடித்தது. கொஞ்ச நாளாகத் தினமும் இடிக்கிறது. வழக்கம்போல் குதிகாலால் அதைத் தள்ளி மடக்கிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஐசக் படப்பைக்கு வேலைக்குப் போனதும், இரும்புலியூர் முனையில் இருந்த முனிரத்தினத்தின் மெக்கானிக் கடைக்குப் போய் நின்றாள்.

“பாட்டரியை ஏன் மாத்துனீங்க?”

“சார்தான் கேட்டாருக்கா. பாட்டரி சீட்டுக்குக் கீழ இருந்தா ஒத்த ஆளுக்கு சூப்பரா ஓடும். பின்னாடி இன்னொரு ஆளு குந்துனா, வெயிட்டு மொத்தமும் பின்னால பூடும். முன்வீலு லேசாயி ஹேண்டில் ஆடும். டபுள்ஸ் போறவங்களுக்கு நடுவுல, கீழ இருந்தாதான் வண்டி ஆடாம நிக்கும்.” ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “இன்னாக்கா, உன்னை இட்டுகினு போகத்தானே?”

“ஆமா” என்றாள் சாராள். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே. அவருக்கும் இப்படித்தான் வருமோ?

அன்று இரவு சுவரைப் பார்த்துப் படுத்து, தெரியாத ஒருத்திக்கு முகம் வரைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த முகம் தன்னைவிட இளமையாகவே வந்தது.

ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது கேட்டே விட்டாள். “ஏங்க, பின்சீட்ல யாரு வர்றாங்க?”

சட்டைப் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு ஐசக் சிரித்தார். “முனிரத்தினம் உளறிட்டானா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன்.”

“யாருன்னு கேட்டேன்.”

“அரிசி மூட்டை.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நிஜமா, சாரா. கேன்டீன்லேர்ந்து ஒரு மூட்டைய வாங்கி, பின்னாடி கட்டிக்கிட்டு படப்பை ரோட்ல பழகிட்டிருக்கேன். வளைவு, ஸ்பீடு பிரேக்கர், எல்லாம். மறுபடி உன்னைக் கீழ போட்டுடக் கூடாதில்ல? அம்பது கிலோ, உன் வெயிட்டு.”

“நான் அம்பத்தெட்டு.”

“சரி, எட்டு கிலோ தள்ளுபடி.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. கூடவே கண்ணும் நிறைந்தது. ஒரு மூட்டைக்கா ராத்திரியெல்லாம் மூக்கும் முழியும் வரைந்தேன்? தன்னைப் பற்றியே வெட்கமாக இருந்தது. இத்தனை கறுப்பு எனக்குள் எங்கே இருந்தது?

வாசலில் ஐசக் வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். “ஏறு. உனக்கு முன்னாடி இந்த சீட்ல மனுஷங்க யாருமே உக்காரல. சத்தியமா.”

சாராள் அவர் தோளைப் பிடித்தாள். ஒரு பக்கமாக உட்காரப் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்தாள். கால் வைக்க இடம் பார்த்துக் குனிந்தாள்.

இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் நீட்டிக்கொண்டு தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை அவளே மடக்கியது. அதன் ரப்பரில் காய்ந்த செம்மண், ஒரு செருப்பின் முனை அளவுக்கு.

எட்டி வலப்பக்கம் பார்த்தாள். அந்த ஃபுட்ரெஸ்ட் மடங்கியே இருந்தது. ஷோரூமில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரியவில்லை.

அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். செம்மண் ஒட்டிய ஃபுட்ரெஸ்ட்டை, இந்த முறை கையாலேயே, மெதுவாக மடக்கினாள்.

“என்ன சாரா, ஏறு. லேட்டாகுது.”

“நீங்க போங்க. நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன்.”

“ஏன், இன்னும் பயமா?”

விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவள் கேட்டாள்:

“மூட்டை ஒரு பக்கமாவா உக்காந்து வந்துது?”