மழைக்காலத் தேன்

"சீனிப்பாகு ஊத்தியிருக்கீங்க. மறைக்காதீங்க," என்றார் சோதனைச்சாலை அதிகாரி.

தையல்காரி மேசைமேல் இருந்த தன் தேன் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். கடைக்கு மேலே மொட்டைமாடியில் பன்னிரண்டு பெட்டிகளில் கொசுத்தேனீ வளர்க்கிறாள். கொசு அளவுதான் இருக்கும், கொட்டத் தெரியாது. வயிற்றுப்பாட்டைத் தையல் பார்த்துக்கொள்கிறது. நாலு பேர் மதிப்பது இந்தத் தேனால்தான்.

"சத்தியமா இல்ல சார். கோடையில இதே பெட்டித் தேனை முதல் தரம்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அது கோடை. முருங்கை பூத்துச்சு, எலுமிச்சை பூத்துச்சு. சொட்டு விட்டா அப்படியே நின்னுச்சு, அவ்வளவு கெட்டி. இப்போ மழையில பூவெல்லாம் கொட்டிப் போச்சு. தேன் எங்கேயிருந்து வரும்? சீனி டப்பாவில இருந்துதான்."

"மழைக்காலத் தேன் தண்ணியாத்தான் சார் இருக்கும். புளிப்பும் தூக்கலா இருக்கும். அதைச் சொன்னா ஒத்துக்கிறேன்."

"புளிப்பை யாரு கேட்டா? கரும்புச் சீனி இருக்குன்னு மெஷின் சொல்லுது. மெஷினுக்கு முன்னாடியே என் நாக்கு சொல்லிடுச்சு."

அந்த நாக்கு ஊரறிந்தது. ஒரு சொட்டுத் தேன் போதும், எந்தப் பூ, எந்த மாதம் என்று புட்டுப் புட்டு வைத்துவிடும். ஆபீஸில் அவருக்கு வைத்த பட்டப்பெயரே நாக்குக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

"இந்தத் தேன் போனா போகட்டும் சார், கீழே கொட்டிடுறேன். வேணும்னே கலந்ததுன்னு மட்டும் எழுதிடாதீங்க. லைசென்ஸ் போயிடும். கலப்படக்காரின்னு பேரு வாங்கிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் கடை திறப்பேன்?"

அதிகாரி பேனாவை மூடினார். "நீங்க ஊத்தலைன்னா வேற எவன் ஊத்தினான்? திங்கட்கிழமைக்குள்ள ஆளைக் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

அன்று அவளுக்குத் தையல் ஓடவில்லை. ரெண்டு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது, துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டி கண்ணில் பட்டது. பொறி தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரமாகப் பார்த்துச் சாக்கட்டியை உரசிப் பொடியாக்கிப் பெட்டி வாசல்களில் தூவினாள். வெளியே வந்த ஈக்கள் எல்லாம் நீலச் சாயம் பூசிக்கொண்டு கிளம்பின. அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எலுமிச்சை மரத்தில் நாலே நாலு. அவள் சந்தேகப்பட்ட பேக்கரிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. மனசுக்குள்ளேயே பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்தெருவுக்குத் திரும்பினாள். அங்கே ஒரு வீட்டு மாடிக்கு நீலக் கூட்டம் போவதும் வருவதுமாக இருந்தது.

யார் வீடு என்று பார்த்ததும் அவளுக்கு வந்த சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டு மணியை அழுத்தினாள்.

பனியனோடு வந்து நின்றார் நாக்குக்காரர்.

"சார், மாடிக்கு வாங்க. காட்டுறேன்."

"என் வீட்டு மாடியிலயா? நல்லாயிருக்கே கதை. ஏம்மா, எனக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வருஷமா இந்த வீட்டுக்குள்ள பொட்டுச் சீனி வந்ததில்ல. நான் இனிப்புன்னு ஒண்ணைத் தொட்டதில்ல. போன மாசம் சர்க்கரை நல்லா இறங்கியிருக்குன்னு டாக்டரே கை குடுத்தார். உங்க கட்டுப்பாடு யாருக்கு வரும்னார். வேணும்னா இவளைக் கேளுங்க."

பின்னால் நின்ற அவர் மனைவி, "ஆமாமா," என்றாள். கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள்.

மூன்று பேரும் படியேறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதில் சிவப்பாக ஏதோ கொழகொழவென்று இருந்தது. விளிம்பைச் சுற்றி நீலத் தேனீக்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாகக் குடித்துக்கொண்டிருந்தன.

"இதுக எல்லாம் என் பெட்டி ஈ சார். நான் போட்ட சாக்கட்டி," என்றாள் தையல்காரி.

அதிகாரி குனிந்தார். பழக்க தோஷம் விடவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"டின்ல அடைச்ச செர்ரிப் பழத்துப் பாகு. ஆனா என்ன இனிப்பு. நான் வாங்குறது இதுல பாதிகூட இருக்காதே..."

வார்த்தை பாதியில் நின்றது. தையல்காரி மரியாதைக்காக வானத்தைப் பார்த்தாள்.

"நீங்க வாங்குறதா?" என்றாள் மனைவி.

"அதை விடு. இந்தக் கிண்ணத்தை யாரு இங்க வெச்சது? ஒரு குடும்பத்துப் பேரையே கெடுக்கப் பார்த்திருக்கு. முதல்ல அதைச் சொல்லு," என்று பாய்ந்தார்.

"நான்தாங்க. இந்த அக்கா பாவம், தப்பே இல்லைன்னு இப்பவே எழுதிக் குடுங்க." அவள் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடினாள். "மழையில பூ இல்லாம இதுக ஜன்னல்ல வந்து வந்து முட்டுச்சு. கீழே கொட்டுறதுக்கு இதுகளாவது குடிக்கட்டுமேன்னு வெச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது."

"கீழே கொட்டுறதா? பாகு உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு?"

"பழைய ஃபைலுக்குப் பின்னால நீங்க ஒளிச்சு வெக்கிற டின்லருந்துதான். ரெண்டு மாசமா நீங்க ஆபீஸ் போனதும் பாகை இறுத்துட்டு அதே அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சுடுறேன். பின்ன, உங்க சர்க்கரை சும்மாவா இறங்குச்சு?"