மூக்குத்திக் கல்லுக்கு யார் சாட்சி?

இணையத்தில் வாங்கிய வைர மூக்குத்தி ஒன்று கூரியரில் வந்திறங்கி, நேரே சாமி அலமாரிக்குப் போனது. சில நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்களாம். ஒத்துவரவில்லை என்றால் வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மூக்குத்திக் கல்லுக்கோ வேறு கவலை. தான் வைரம்தானா என்று அதற்கே தெரியவில்லை.

“நீ வைரமேதான். அதைச் சொல்லத்தானே நான் கூடவே வந்திருக்கிறேன்!” என்றது பக்கத்திலிருந்த சான்றிதழ்.

“உன்னை எழுதிக் கொடுத்தது யார்?”

“உன்னை விற்ற கடைக்காரர்.”

“அவரை எப்படி நம்புவது?”

“என்ன கேள்வி இது? சான்றிதழே கொடுக்கிறாரே!”

கல்லுக்குத் தலை சுற்றியது. அப்போது வீட்டுக்காரி கோமளா வந்து மூக்குத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்ல வைரமாத்தான் தெரியுது” என்று முணுமுணுத்தாள். உடனே சுவரிலிருந்த பல்லி “ச்ச் ச்ச்” என்று சத்தம் கொடுத்தது.

“பல்லியே சொல்லிடுச்சு!” கோமளாவுக்கு வாயெல்லாம் பல். பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மூக்குத்தியை மாட்டிக்கொண்டாள்.

கல் மூக்கிலிருந்தபடியே கெஞ்சியது. “பல்லியண்ணே, நான் வைரம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கெங்கே தெரியும்?” என்றது பல்லி. “காசு கொடுத்து வாங்கின அம்மாவே சொல்றாங்க. தெரியாமலா சொல்வாங்கன்னு நானும் ஆமா போட்டேன்.”